கிரேன்காரன் மூச்சை நிறுத்திய நாள்

என் தம்பியை எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த பட்டப்பெயர். பெரியவனாகி, கல்யாணமாகி, கிரேன் ஓட்டப் போன பிறகும் அது அவனை விடவில்லை. கட்டடம் கட்டுகிற இடங்களில் உயரமாக ஒரு கம்பிக் கோபுரம் நிற்குமே, அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அந்தக் கூண்டுக்குள்தான் அவன் பிழைப்பு. காலையில் ஏணி பிடித்து ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான். நடுவில் இறங்கி ஏற யாருக்குத் தெம்பு இருக்கிறது? சாப்பாடு மேலேயே. மற்றதற்கு ஒரு பாட்டில். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கீழே நடப்பது சரியாகத் தெரியாதாம். அதனால் சைகைக்காரர் என்று ஒருவர் தரையில் நின்று வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார். தூக்கு என்றால் தூக்க வேண்டும். நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். நிறுத்து என்ற பிறகு அடுத்த வார்த்தை வரும்வரை ஒரு விரல் அசையக் கூடாது. கொக்கிக்குக் கீழே யார் தலை இருக்கிறது என்று மேலே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் தம்பியிடம் விளையாட்டே கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் அவன் ஒரு சோம்பேறி, அதை நானே சொல்வேன்.

வேலையில் பழகியது வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் அவன் மனைவி தரையைத் துடைத்துக்கொண்டே, "அங்கயே நில்லுங்க, ஈரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் யாருடனோ போனில் கதையளக்க ஆரம்பித்துவிட்டாள். தரை காய்ந்தது. பேச்சும் முடிந்தது. வெளியே வந்து பார்த்தால் ஐயா செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நிற்கிறார். "நீ வான்னு சொல்லலியே" என்றானாம். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

நான் தையல்காரி. அவன் தெருவுக்கு அடுத்த தெருவில், ஒரு மெஷினும் ஒரு மேசையும் போட்டால் நிற்க இடமில்லாத கடை. வேலை முடிந்து போகிற வழியில் எட்டிப் பார்த்து என்னை வம்புக்கு இழுத்துவிட்டுத்தான் போவான். "என்னக்கா, ஊர் உலகத்தையே தச்சு முடிச்சிட்டியா?" என்பான். "உன் வாயத்தான் இன்னும் தைக்கல" என்பேன் நான். கொஞ்ச நாளாக அந்தச் சத்தம் இல்லை. வந்தால் பேசாமல் கட்டை நாற்காலியில் உட்காருவான். நெஞ்சு மேலும் கீழும் போகும். தெருமுனையிலிருந்து கடை வரைக்கும் நடந்ததற்கா இவ்வளவு மூச்சு என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் ஏணியில் பாதி ஏறியவன், அதற்கு மேல் முடியாமல் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. இரண்டு பேர் ஏறிப் போய்ப் பிடித்து இறக்கினார்கள். கம்பெனி தன் கிளினிக்குக்கு அனுப்பியது. அங்கே வரிசையில் படுக்கவைத்து அவசர அவசரமாக எக்கோ எடுத்தார்கள். எக்கோ என்பது வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேன் மாதிரிதான், இது நெஞ்சுக்கு. முடிவு வந்தது: இதயம் நார்மல்.

அந்த ஒற்றை வார்த்தை அவனைப் படுத்திய பாடு இருக்கிறதே! மேற்பார்வையாளர் அதைப் பிடித்துக்கொண்டார். "உடம்புல ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் என்னப்பா? பயமா இருந்தா பயம்னு சொல்லு. அடுத்த வாரம் நீ ஏறலன்னா வேற ஆள் ஏறுவான்." கூட வேலை பார்ப்பவர்கள் விட்டார்களா? "நெட்டைக்கு இனிமே லிஃப்ட் வச்சுக் குடுத்தாத்தான் ஏறுவாராம்" என்று கிண்டல். அவன் சிரித்துக்கொண்டே வருவான். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே பாட்டு.

அவன் மனைவியை நான் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். வாய் நீளம், அது எனக்கும்தான். நார்மல் என்று கேட்டவுடன் அவளுக்கு உயிர் வந்தது. அந்த வார்த்தையை விட அவள் தயாராக இல்லை. அவன் படியில் மூச்சு வாங்கும்போதெல்லாம், "ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்கல்ல, சும்மா நடிக்காதீங்க" என்பாள். முதலில் செல்லமாகச் சொன்னாள். போகப்போக எரிந்து விழுந்தாள். லீவு போட்ட நாட்களில் அவன் பகலெல்லாம் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். வெளியே போனால் தெருவில் இருப்பவர்கள் கேட்பார்கள், உள்ளே இருந்தால் இவள் கேட்பாள். கக்கூஸுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அவனே என்னிடம் சொன்னான்.

"ஏறிடலாம்க்கா" என்றான் ஒருநாள், என் கடையில். "கஷ்டப்பட்டு ஏறிடலாம். மேல வச்சு கண்ண இருட்டிச்சுன்னா என்ன பண்றது? கொக்கில இரும்பு தொங்கும். கீழ ஆளுங்க இருப்பாங்க."

"இத அந்த மேற்பார்வைகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். நல்லா கதை விடுறன்னாரு." என் மேசையில் கிடந்த நூல்கண்டை உருட்டினான். "அக்கா, எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நான் நெஜமாவே நடிக்கிறேனா?"

கையிலிருந்த துணியைத் தூக்கி எறிந்தேன். இதற்கு மேலும் பொறுத்திருந்தால் நான் என்ன அக்கா? அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போனேன். "நாளைக்கு நெஞ்சு டாக்டர்கிட்ட போறோம். கம்பெனி டாக்டர் வேணாம். நாமளே போறோம்."

"எதுக்கு அண்ணி வீண் அலைச்சல்? அதான் நார்மல்னு வந்தாச்சே" என்றாள் அவள்.

"நார்மலா இருக்கிறவன் ஏன் பத்து அடி நடந்தா நாய் மாதிரி இளைக்கிறான்? நீயும் கூட வா. ஒண்ணுமில்லன்னு அவங்களும் சொன்னா, நானே இவன் முதுகுல நாலு போட்டு ஏணியில ஏத்தி விடுறேன்."

அவளும் வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பெரிய ஆஸ்பத்திரியின் இதய டாக்டர் ஒரு அம்மா. அலட்டிக்கொள்ளாத ஆள். ஈசிஜி எடுக்கச் சொன்னார். அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இதுல ஒரு மாற்றம் தெரியுது. முன்னாடி எடுத்த எக்கோவ நம்பி விட்டுட முடியாது" என்றார். "அந்த எக்கோ ஒரு வெட்டு மாதிரிங்க. பூசணிக்காய நீளவாக்குல நேரா வெட்டினா முழு நீளமும் தெரியும். கத்தி சாஞ்சு போச்சுன்னா அடிப்பக்கம் விட்டுப்போகும், தெரியறது மட்டும் நல்லா உருண்டையா அழகா இருக்கும். இதயத்துலயும் அப்படித்தான். நுனி விட்டுப்போனா கணக்கு நல்லதாவே வந்துடும். நாம முப்பரிமாணத்துல எடுப்போம். முழு இதயத்தையும் ஒரே உருவமா பாக்கலாம். சதை எங்க இறுகுது, எங்க இறுகல, எவ்வளவு தூரம்னு இடம் இடமா தெரிஞ்சிடும்."

"வலிக்குமா டாக்டர்?" என்றாள் அவன் மனைவி. அவ்வளவு நேரம் வாயே திறக்காதவள்.

"வலியெல்லாம் இல்லம்மா. சொல்லும்போது மூச்ச நிறுத்தணும், அவ்வளவுதான்."

எக்கோ எடுக்கிற அறை ஒரு அலமாரி அளவுதான் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டார்கள். ஏசி குளிர் எலும்பில் ஏறியது. மெஷின் திரையின் வெளிச்சம் மட்டும். அவனைச் சட்டையைக் கழற்றி இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தாள் எக்கோ எடுக்கிற பெண். சின்னப் பெண்தான், என் கடைக்குச் சீருடை தைக்க வருகிற பிள்ளைகளைவிடக் கொஞ்சம் பெரியவள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை விலா எலும்புக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். அவன் முகத்துக்கு நேரே சுவர், முதுகுக்குப் பின்னால் மெஷின். கால் நீட்ட இடமில்லாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தான். கால்மாட்டுச் சுவரோரம் நானும் அவன் மனைவியும் ஒட்டி நின்றோம். கதவை மூடியதும் எனக்கே மூச்சு முட்டியது.

திரையில் அவன் இதயம் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு பை, திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக இவனைத் திட்டியிருக்கிறேன், அடித்திருக்கிறேன், உள்ளே இப்படி ஒன்று ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"மூச்ச வெளிய விடுங்க... அப்படியே நிறுத்துங்க" என்றாள் அந்தப் பெண். நிறுத்தினான். "சரி, இப்ப விடுங்க." விட்டான். திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஒரே துடிப்பில் முழுப் படமும் தெளிவாகக் கிடைக்காதாம். அடுத்தடுத்த துடிப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மெஷின் ஒன்றாக ஒட்டுமாம். நடுவில் நெஞ்சு அசைந்தால் ஒட்டின இடம் விலகிப்போகும் என்று காட்டினாள். எனக்குச் சட்டென்று புரிந்தது. கோடு போட்ட துணியைத் தைக்கும்போது தையலில் கோடு ஒன்றுக்கொன்று சேராமல் போனால் எப்படி இருக்கும், அப்படி அவன் இதயம் நடுவில் விலகித் தெரிந்தது.

"மறுபடி எடுக்கலாம் சார். மூச்ச விட்டுட்டு நிறுத்துங்க."

நிறுத்தினான். அந்த நேரம் பார்த்து மெஷின் மக்கர் பண்ணியது. திரையில் படம் உறைந்து போனது. அவள் ஒரு கையால் கருவியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பொத்தான்களை அழுத்திப் பார்த்தாள். முணுமுணுத்தாள். குனிந்து ஒயரை ஆட்டினாள். நாங்களும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று மெஷின் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. உறைந்த படத்துக்குக் கீழே துடிப்பின் கோடு மட்டும் தாறுமாறாகத் துள்ளியது.

அவன் மனைவிதான் முதலில் எட்டிப் பார்த்தாள். "அய்யோ, மூஞ்சியப் பாருங்க அண்ணி!" கட்டிலைச் சுற்றி ஓடினாள். அவன் உதடு கறுத்து, கண் பிதுங்கி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக் கிடந்தான்.

"சார், மூச்சு விடுங்க! விடுங்க சார்!" என்று அலறினாள் அந்தப் பெண்.

விட்டான். ஹாவென்று காற்றை உள்ளே இழுத்தான். பிறகு இருமல். கட்டில் குலுங்கியது. அவள் அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, துடிப்பு சீராகும்வரை திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? முடியலன்னா விட்டிருக்கலாம்ல?"

"நீங்க விடச் சொல்லலியேம்மா" என்றான் என் தம்பி, இரைத்துக்கொண்டே.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "மறந்துட்டேன் சார், மன்னிச்சுக்குங்க" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளையும் இவனையும் சேர்த்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் என் தம்பி மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லாம மூச்சுகூட விட மாட்டேங்கறாரு அண்ணி" என்றாள். "இந்த மனுஷனப் போய் டிமிக்கி குடுக்கறாருன்னு சொன்னாங்களே. நானும் சேந்து சொன்னேனே."

"எந்திரி. இப்ப உன் ஒப்பாரிக்கு நேரமில்ல" என்றேன். அதட்டிக்கொண்டே கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

மெஷின் சரியானதும் எக்கோ பெண் ஒரு யோசனை சொன்னாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஒரு முக்காலியைப் போட்டு அவன் மனைவியை உட்காரவைத்தாள். "நான் திரையத்தான் பாக்கணும். நான் தலையாட்டினதும் நீங்க அவர்கிட்ட விடுங்கன்னு சொல்லிடுங்க. உங்க வீட்டுக்காரர் நீங்க சொன்னாக் கேப்பாருல்ல?"

"நான் சொன்னா மட்டும்தான் கேக்க மாட்டாரு" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவன் படுத்தபடியே சிரித்தான்.

இருவர் முகமும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. அவன் மூச்சை விட்டு நிறுத்தினான். அவள் எக்கோ பெண்ணின் தலையையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் கூடவே மூச்சைப் பிடித்திருந்தாள். தலை அசைந்த அந்த நொடியே, "விடுங்க விடுங்க" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். படம் ஒட்டிய தடம் தெரியாமல் வந்தது.

எக்கோ பெண் அந்தப் படத்தை மெல்லத் திருப்பினாள். முன்னால், பின்னால், அடியில். பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுவே போதுமாயிருந்தது. எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

டாக்டர் அம்மா இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இதயத்தை வட்டமாகப் பிரித்து வண்ணம் தீட்டியது மாதிரி, துடிப்புக்குத் துடிப்பு அசைகிற ஒரு படம். வெளி ஓரமெல்லாம் நல்ல சிவப்பு. நடுவில் வெளிறிப்போய், ஒரு பக்கம் நீலமாக ஒரு திட்டு.

"சிவப்பா இருக்கிற இடம் நல்லா இறுகுது. நடுவுல இருக்கிறது இதயத்தோட நுனி. அது இறுகவே இல்ல. சுத்தி இருக்கிற சதை இழுக்கறப்ப இது சும்மா கூடப் போயிட்டு வருது. முன்னாடி எடுத்ததுல இந்த நுனிதான் விட்டுப்போயிருக்கு." அவன் பக்கம் திரும்பினார். "இது எப்பவோ வந்த மாரடைப்பு. எப்பவாவது நெஞ்சுல பாரமா, வேர்த்துக் கொட்டி, ரொம்ப முடியாம இருந்துதா?"

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே யோசித்தான். "கேபின்ல ஒருநாள் இருந்துச்சு டாக்டர். மத்தியானம். நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி. வாயுன்னு நெனச்சேன்."

"உடனே ஏன் இறங்கல?"

"எப்படி டாக்டர் இறங்கறது? கொக்கில கான்கிரீட் தொட்டி தொங்கிட்டிருந்துது. நிறுத்துன்னு சொல்லியிருந்தாங்க. கீழ ஏதோ தகராறு, ரொம்ப நேரம் அடுத்த பேச்சே வரல. பிடிச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் இறக்கச் சொன்னாங்க, இறக்கி வச்சேன். அதுக்கப்புறம் ஏணியில இறங்க கை கால் வரல. சாயங்காலம் வரைக்கும் கேபின் தரையிலயே படுத்துக் கெடந்தேன்."

"கீழ சொல்லலியா?"

"சொன்னா கிண்டல் பண்ணுவாங்க."

அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் அவன் சுருண்டு கிடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் போய்விடும். அன்றைக்குச் சாயங்காலம்கூட அவன் என் கடையில் எட்டிப் பார்த்திருப்பான். நானும் ஏதாவது திட்டித்தான் அனுப்பியிருப்பேன்.

"இனிமே ஏணியில ஏறக் கூடாது" என்றார் டாக்டர். "ஒருநாள்கூடக் கூடாது. அடைப்பு எங்க இருக்குன்னு பாத்து அதுக்கு வைத்தியம் பண்ணணும். நுனியில மிச்சம் எவ்வளவு உயிர் இருக்குன்னும் பாக்கணும். உங்க கம்பெனிக்கு நானே எழுதித் தரேன்."

என் தம்பி முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வெளிச்சம்! இத்தனை நாளாக நான் பார்க்காத முகம். கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அந்தத் திரையில் இருந்த நீலத் திட்டை விரலால் காட்டினான்.

"பாத்தியா, பாத்தியா? அங்க பாரு! அசையவே இல்ல. நான் நடிக்கலடி. அக்கா, நீயும் பாத்தியா? நெஜமாவே நமக்கு நோவு இருக்கு. அந்த மேற்பார்வைய இங்க கூட்டிட்டு வந்து காட்டணும். எவனாவது இனிமே வாயத் தெறக்கட்டும்!" பரீட்சையில் பாஸானவன் மாதிரி சிரித்தான்.

அவன் மனைவி அந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க நடிச்சிருக்கலாமேங்க" என்றாள். "நடிச்சிருந்தா நல்லா இருந்திருக்குமே."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. மறுபடி திரையைப் பார்த்தான். சுற்றிலும் எல்லாம் இறுகி விரிந்துகொண்டிருக்க, நடுவில் அந்த இடம் மட்டும் சும்மா கிடந்தது. ஊரை நம்பவைக்கப் பாடுபட்டதிலேயே பயப்பட அவனுக்கு நேரமே கிடைத்திருக்கவில்லை. அவள் மடியிலிருந்து கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துப் பார்த்தான்.

"டாக்டர்," என்றான், "அது என்னோடதா?"